மூன்று வருஷத்துக்கு என்று வந்த சட்டம்



2023 ஆகஸ்ட் 3-ஆம் தேதி ஞாபகம் இருக்கிறதா? லேப்டாப் வாங்கக் காசு சேர்த்துக்கொண்டிருந்தவர்களுக்குக் கட்டாயம் இருக்கும். அன்றைக்கு மத்திய அரசு ஓர் அறிவிக்கை வெளியிட்டது. லேப்டாப், டேப்லெட், சிறிய வகைக் கம்ப்யூட்டர் ஆகியவற்றை இனிமேல் லைசென்ஸ் இல்லாமல் இறக்குமதி செய்யக்கூடாது. எப்போதிலிருந்து? அன்றிலிருந்தே! கம்பெனிகள் பதறின. மறுநாளே இன்னொரு அறிவிக்கை வந்தது: அக்டோபர் 31 வரை பழையபடியே இறக்குமதி செய்துகொள்ளலாம். கடைசியில் அதுவும் மாறி, ஆன்லைனில் விண்ணப்பித்து அனுமதி வாங்கினால் போதும் என்று முடிந்தது.

விலை ஏறுமா, இப்போதே வாங்கிவிடலாமா என்பதுதான் அப்போது எல்லோருடைய பேச்சும். எனக்கு வேறு ஒரு சந்தேகம். ஒரு சட்டம் போட வேண்டுமென்றால் மசோதா, விவாதம், ஓட்டெடுப்பு, ஜனாதிபதி கையெழுத்து என்று எத்தனை படி ஏற வேண்டும்! இதற்கு மட்டும் எப்படி ஒரே நாளில் ஒரு தாளில் வேலை முடிந்தது? அந்த அதிகாரத்தை யார் கொடுத்தார்கள்?

பாடப்புத்தகத்தில் 'லைசென்ஸ் ராஜ்' என்று இரண்டு பத்தி இருக்கும். 1991-இல் அது ஒழிந்தது என்று மூன்றாவது பத்தி இருக்கும். அதோடு சரி. கொஞ்சம் தேடிப் படித்தபோது கதை இரண்டாம் உலகப்போரில் போய் நின்றது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

போர்க்காலத்தில் போட்ட பூட்டு

போருக்கு முன்னாலும் அரசிடம் இந்த அதிகாரம் இல்லாமல் இல்லை. 1878-ஆம் வருஷத்துக் கடல் சுங்கச் சட்டத்தின் 19-ஆவது பிரிவு, அரசு ஓர் அறிவிக்கை மூலம் எந்த வகைப் பொருளையும் உள்ளே வரவோ வெளியே போகவோ விடாமல் தடுக்கலாம் என்று சொன்னது. ஆனால் பொதுவாக அந்தக் காலத்தில் சரக்கு வந்தால் வரியைக் கட்டு, எடுத்துக்கொண்டு போ என்பதுதான் நடைமுறை. வியாபாரி ஒவ்வொரு முறையும் அரசிடம் போய் 'வரவழைக்கலாமா?' என்று கேட்க வேண்டியதில்லை.

1939 செப்டம்பரில் போர் வந்தது, எல்லாம் மாறியது. கப்பல்கள் படைகளுக்கும் தளவாடங்களுக்கும் போய்விட்டன. சாதாரணச் சரக்குக்கு இடம் கிடைப்பது குதிரைக்கொம்பு. டாலர் போன்ற அந்நியச் செலாவணியும் போருக்கு வேண்டும். இருக்கிற கொஞ்சம் இடத்தில் எதை ஏற்றுவது, இருக்கிற கொஞ்சம் டாலரில் எதை வாங்குவது என்று யாராவது முடிவு செய்துதானே ஆகவேண்டும்? இந்தியப் பாதுகாப்பு விதிகளில் 84-ஆவது விதியின் கீழ் 1940 மே மாதம் இறக்குமதிக் கட்டுப்பாடு தொடங்கியது. முதலில் சில நுகர்பொருட்கள்தான். போர் நீள நீள அந்தப் பட்டியலும் நீண்டது. ஏற்றுமதிக்கும் இதே கதைதான். எதிரியின் கைக்குப் போய்விடக்கூடாது, உள்ளூரிலும் தட்டுப்பாடு வரக்கூடாது என்று அதற்கும் கட்டுப்பாடு.

இதில் தப்புச் சொல்ல எதுவும் இல்லை. போரில் மாட்டிய எல்லா நாடுகளும் இதைத்தான் செய்தன. கவனிக்க வேண்டியது அதற்கு அப்புறம் நடந்ததைத்தான்.

போர் 1945-இல் முடிந்தது. இந்தியப் பாதுகாப்புச் சட்டம் 1946 செப்டம்பர் 30-ஆம் தேதி காலாவதியானது. சட்டம் போனால் அதன் கீழ் போட்ட விதிகளும் போக வேண்டும். ஆனால் கட்டுப்பாட்டைச் சட்டென்று எடுத்தால் ஐந்தாறு வருஷமாக எதுவும் வாங்காமல் இருந்த ஜனங்கள் எல்லாவற்றையும் ஒரேயடியாக வாங்கி, செலாவணியைக் காலி செய்துவிடுவார்களே என்ற பயம் இருந்தது. அதனால் ஓர் அவசரச் சட்டம் போட்டு அதிகாரத்தை உயிரோடு வைத்திருந்தார்கள். பிறகு முறையான சட்டமே வந்தது. அதுதான் 1947-ஆம் ஆண்டின் இறக்குமதி ஏற்றுமதி (கட்டுப்பாடு) சட்டம். அமலுக்கு வந்தது 1947 மார்ச் 25. சுதந்திரத்துக்கு ஐந்து மாசம்கூட இல்லை!

அப்போது இடைக்கால அரசில் வணிகத் துறையை வைத்திருந்தவர் முஸ்லிம் லீகைச் சேர்ந்த ஐ. ஐ. சுந்த்ரிகர். பத்து வருஷம் கழித்து, 1957-இல், இவர் பாகிஸ்தானின் பிரதமராகக் கொஞ்ச நாள் இருந்தார். துறையை வைத்திருந்தவர் ஒரு நாட்டுக்குப் போனார், சட்டம் இன்னொரு நாட்டில் தங்கிவிட்டது.

இந்தச் சட்டத்தின் முகப்பிலேயே இது 'குறிப்பிட்ட காலத்துக்கு' மட்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். எவ்வளவு காலம்? மூன்று வருஷம்.

சட்டத்தின் உயிர் மூன்றாவது பிரிவு. அதன் சாரம் இதுதான்: மத்திய அரசு கெஜட்டில் ஓர் உத்தரவு வெளியிட்டால் போதும், எந்தப் பொருளின் இறக்குமதியையும் ஏற்றுமதியையும் தடை செய்யலாம், வரம்பு விதிக்கலாம், அல்லது வேறு எந்த விதத்திலும் கட்டுப்படுத்தலாம். எந்தப் பொருள், என்ன காரணம், எவ்வளவு நாள், யாரைக் கேட்க வேண்டும்... இதெல்லாம் அந்தப் பிரிவில் இல்லை.

மூன்று வருஷம் 1950-இல் முடிந்தது. நீட்டித்தார்கள். மறுபடி கெடு வந்தது, மறுபடி நீட்டித்தார்கள். இப்படியே போய், கடைசியாக வைத்த கெடு 1971 மார்ச் 31. அதற்கு மேல் நீட்டிக்கிற வேலையே வேண்டாம் என்று சட்டத்தை நிரந்தரமாக்கிவிட்டார்கள். மூன்று வருஷத்துக்கு என்று வந்த விருந்தாளி, வீட்டுப் பத்திரத்திலேயே பெயரை எழுதிக்கொண்ட மாதிரி!

கோர்ட் என்ன சொன்னது?

இவ்வளவு பெரிய அதிகாரத்தை எந்த வழிகாட்டுதலும் இல்லாமல் அரசின் கையில் கொடுப்பது சரியா என்று யாரும் கேட்கவில்லையா? கேட்டார்கள். சோடா சாம்பல் இறக்குமதி லைசென்ஸ் தொடர்பாகப் பட்நாகர்ஸ் என்ற கம்பெனி சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனது. மூன்றாவது பிரிவு அரசுக்கு அளவுக்கு மீறிய அதிகாரத்தைத் தூக்கிக் கொடுக்கிறது, எந்தக் கொள்கையின்படி அதைப் பயன்படுத்த வேண்டும் என்று சட்டத்தில் ஒரு வார்த்தைகூட இல்லை என்பது ஒரு வாதம்.

1957-இல் தீர்ப்பு வந்தது. சட்டம் செல்லும். கொள்கை எங்கே இருக்கிறது என்ற கேள்விக்குக் கோர்ட் கொடுத்த பதிலைப் படித்தபோது நான் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தேன். இந்தச் சட்டம் முந்தைய சட்டத்தின் தொடர்ச்சி, ஆகவே இதன் கொள்கையை அந்த முந்தைய சட்டத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்றது கோர்ட். முந்தைய சட்டம் எது? போருக்காகப் போட்ட 1939-ஆம் வருஷத்து இந்தியப் பாதுகாப்புச் சட்டம்! சமூகத்தின் வாழ்வுக்கு அவசியமான பொருட்கள் தடையில்லாமல் கிடைக்க வேண்டும் என்று அதில் சொல்லியிருப்பதே வழிகாட்டுதலாகப் போதும் என்று ஆகிவிட்டது.

போர் முடிந்து பன்னிரண்டு வருஷம் ஆகிவிட்டது. குடியரசாகி ஏழு வருஷம். ஆனாலும் ஒரு வியாபாரி எதை வரவழைக்கலாம் என்ற அதிகாரத்துக்கு நியாயம் தேட, காலாவதியான போர்ச் சட்டத்தின் முகப்புரைக்குத்தான் போக வேண்டியிருந்தது.

சிவப்புப் புத்தகம்

இனி, இந்த அதிகாரத்தைப் பயன்படுத்திய விதம். நியாயமாகப் பேச வேண்டுமென்றால் அரசு சும்மா வேடிக்கைக்காகக் கட்டுப்பாடு போடவில்லை. இரண்டாவது ஐந்தாண்டுத் திட்டம் 1956-இல் தொடங்கியது. இரும்பு ஆலை, கனரக இயந்திரம் என்று பெரிய பெரிய இறக்குமதிகள். போர்க்காலத்தில் பிரிட்டன் நமக்குப் பட்ட கடனாக லண்டனில் சேர்ந்திருந்த ஸ்டெர்லிங் கையிருப்பு கரைந்தது. 1957-இல் செலாவணி நெருக்கடி முற்றியது. இருக்கிற டாலரை இயந்திரத்துக்குச் செலவு செய்வதா, வெளிநாட்டு அலங்காரச் சாமானுக்குச் செலவு செய்வதா என்று கேட்டால் நாமும் இயந்திரம் என்றுதான் சொல்லியிருப்போம்.

ஆனால் அந்தக் கேள்வியை ஒவ்வொரு பொருளுக்கும் ஒவ்வொரு வியாபாரிக்கும் கேட்டுப் பதில் சொல்ல வேண்டும் என்றால்? டில்லியில் தலைமைக் கட்டுப்பாட்டு அதிகாரி, துறைமுக ஊர்களில் அவருக்குக் கீழே அலுவலகங்கள். எந்தப் பொருள் யாருக்கு எவ்வளவு என்று சொல்லும் இறக்குமதிக் கொள்கைப் புத்தகத்துக்கு வியாபாரிகள் வைத்த பெயர் 'சிவப்புப் புத்தகம்'. பழைய வியாபாரிக்கு ஒரு வகை லைசென்ஸ், அந்தப் பொருளைத் தானே பயன்படுத்தும் தொழிற்சாலைக்கு இன்னொரு வகை. இந்தப் பொருள் உனக்கு அவசியம்தானா என்று ஒரு சான்று. இது இந்தியாவில் கிடைக்கவில்லை என்று இன்னொரு சான்று. இரண்டும் இருந்தால்தான் மேலே பேச முடியும்.

எவ்வளவு சின்னப் பொருள் வரைக்கும் இது போனது என்பதற்கு ஓர் உதாரணம். கண்ணாடிக் கல் தெரியுமல்லவா? கவரிங் நகையில் பதிப்பார்களே, அதுதான். அதை இறக்குமதி செய்யும் வேலையை 1956-இல் தொடங்கிய அரசு வணிகக் கழகத்திடம் ஒப்படைக்க அரசு முடிவு செய்தது. கண்ணாடிக் கல் இறக்குமதியாளர் சங்கம் 'எங்கள் தொழில் செய்யும் உரிமை என்னாவது?' என்று சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனது. 1961-இல் தோற்றது. கவரிங் தோட்டின் கல்லுக்குக்கூட சுப்ரீம் கோர்ட் வரைக்கும் வழக்கு!

லைசென்ஸ் என்பது வெறும் காகிதம். ஆனால் அந்தக் காகிதம் இருந்தால் வெளிநாட்டில் பத்து ரூபாய்க்கு வாங்கியதை இங்கே இருபதுக்கு விற்கலாம். அப்படியென்றால் அந்தக் காகிதத்துக்கே விலை உண்டு. ஆன் க்ரூகர் என்ற அமெரிக்கப் பொருளாதார அறிஞர் 1974-இல் ஒரு கட்டுரை எழுதினார். பொருளை உற்பத்தி செய்து சம்பாதிக்காமல், அரசு கொடுக்கும் அனுமதியைக் கைப்பற்றிச் சம்பாதிக்க ஜனங்கள் எவ்வளவு உழைப்பையும் பணத்தையும் கொட்டுகிறார்கள் என்பதே அதன் பொருள். இந்தியாவில் 1964-இல் இந்த வகை ஆதாயத்தின் மதிப்பு தேசிய வருமானத்தில் 7.3 சதவீதம் இருக்கலாம் என்று அவர் கணக்கிட்டார். அதில் பெரும்பங்கு இறக்குமதி லைசென்ஸால் வந்தது. ஜகதீஷ் பகவதியும் பத்மா தேசாயும் 1970-லேயே ஒரு புத்தகத்தில் இந்த முறையைக் கடுமையாக விமர்சித்திருந்தார்கள்.

இது ஏட்டுக் கணக்கு மட்டும் இல்லை. க்ரூகர் கட்டுரை வந்த அதே 1974-இல் டில்லி பார்லிமெண்ட்டை உலுக்கிய விவகாரத்துக்குப் பெயரே பாண்டிச்சேரி லைசென்ஸ் ஊழல். பாண்டிச்சேரி, மாஹே வியாபாரிகள் சிலருக்கு இறக்குமதி லைசென்ஸ் கொடுக்கும்படி 21 எம்.பி.க்கள் கையெழுத்துப் போட்டதாக ஒரு சிபாரிசு மனு வெளிநாட்டு வணிக அமைச்சகத்துக்குப் போயிருந்தது. எம்.பி.க்களோ 'நாங்கள் கையெழுத்தே போடவில்லை' என்றார்கள். கையெழுத்துகள் போலி என்று தெரியவந்து, துல்மோகன் ராம் என்ற பீகார் எம்.பி. மீது சி.பி.ஐ. வழக்குப் போட்டது. ஒரு காகிதத்துக்காக எம்.பி.க்களின் கையெழுத்தைத் திருடும் அளவுக்கு அந்தக் காகிதத்துக்கு மதிப்பு இருந்தது என்பதுதான் இதில் எனக்குப் பட்ட விஷயம்.

லைசென்ஸ் கிடைக்காதவர்கள்? அவர்களுக்கும் ஒரு வழி இருந்தது. சென்னைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, பர்மா பஜார். பர்மாவிலிருந்து திரும்பி வந்த தமிழர்களின் பிழைப்புக்காக 1969-இல் பீச் ஸ்டேஷன் அருகே போட்டுக் கொடுத்த கடைகள் அவை. வெளிநாட்டு சென்ட், டேப் ரிக்கார்டர், கடிகாரம் என்று கடையில் கிடைக்காத எல்லாம் அங்கே கிடைக்கும் என்று ஊரெல்லாம் பேர் வாங்கியது. 'ஃபாரின் சாமான்' என்ற வார்த்தைக்கு நம் அப்பா அம்மா தலைமுறையில் ஒரு மயக்கமே உண்டு. அந்த மயக்கத்தை உண்டாக்கியது வெளிநாட்டுத் தரம் பாதி என்றால், இந்தச் சட்டத்தின் மூன்றாவது பிரிவு மீதிப் பாதி :-)

1991: பூட்டு போனதா?

1991 நடுவில் கையிருப்பில் இருந்த அந்நியச் செலாவணி ஏறக்குறைய இரண்டு வார இறக்குமதிக்குத்தான் தாங்கும் என்ற நிலை. ஜூலையில் சுமார் 47 டன் தங்கத்தை இங்கிலாந்து, ஜப்பான் நாடுகளின் மத்திய வங்கிகளிடம் அடகு வைத்தார்கள். செலாவணியைக் காப்பாற்றத்தான் கட்டுப்பாடு என்று சொல்லி ஐம்பது வருஷம் ஓட்டியும், கடைசியில் செலாவணியும் மிஞ்சவில்லை.

1991 ஜூலை 4-ஆம் தேதி, அப்போது வணிக அமைச்சராக இருந்த ப. சிதம்பரம் புதிய வணிகக் கொள்கையை அறிவித்தார். லைசென்ஸ்கள் பலவற்றை நீக்கி, ஏற்றுமதி செய்பவருக்கு அதற்கேற்ற அளவு இறக்குமதி உரிமை, அந்த உரிமையைச் சந்தையில் விற்கவும் செய்யலாம் என்று வந்தது. மறுவருஷம் 1947-ஆம் வருஷத்துச் சட்டத்தையே ரத்து செய்துவிட்டு, வெளிநாட்டு வணிக (மேம்பாடு, ஒழுங்குமுறை) சட்டம், 1992 என்று புதிய சட்டம் கொண்டுவந்தார்கள். தலைமைக் கட்டுப்பாட்டு அதிகாரியின் பதவி வெளிநாட்டு வணிகத் தலைமை இயக்குநர் என்று மாறியது.

இந்த இடத்தில் இரண்டு சட்டங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். 1947-இல் மூன்றாவது பிரிவு: தடை செய்யலாம், வரம்பு விதிக்கலாம், வேறு விதமாகக் கட்டுப்படுத்தலாம். 1992-இல் அதே மூன்றாவது பிரிவு: தடை செய்யலாம், வரம்பு விதிக்கலாம், வேறு விதமாக ஒழுங்குபடுத்தலாம். 'கட்டுப்படுத்து' போய் 'ஒழுங்குபடுத்து' வந்திருக்கிறது. கெஜட்டில் வெளியிட்டால் போதும் என்பது அப்படியே இருக்கிறது. மூன்று வருஷம் என்ற பேச்சுகூட இந்த முறை இல்லை.

அதாவது பூட்டைத் திறந்து வைத்தார்களே தவிர, சாவியைத் தூக்கி எறியவில்லை.

நுகர்பொருட்கள் பலவற்றுக்கு 1991-க்குப் பிறகும் பத்து வருஷம் இறக்குமதிக் கட்டுப்பாடு தொடர்ந்தது தெரியுமா? உலக வணிக அமைப்பின் விதிப்படி அளவுக் கட்டுப்பாடு கூடாது. வேண்டுமானால் வரி போடலாம். செலாவணி நெருக்கடியில் இருக்கும் வளரும் நாடுகளுக்கு மட்டும் விலக்கு. அந்த விலக்கைக் காட்டித்தான் இந்தியா கட்டுப்பாட்டை வைத்திருந்தது. 'உங்களிடம்தான் இப்போது போதுமான கையிருப்பு இருக்கிறதே' என்று 1997-இல் அமெரிக்கா வழக்குப் போட்டது. 1999-இல் மேல்முறையீட்டிலும் இந்தியா தோற்றது.

அதன்படி 2000 ஏப்ரல் 1-ஆம் தேதி 714 பொருட்களுக்கும், 2001 ஏப்ரல் 1-ஆம் தேதி மீதி 715 பொருட்களுக்கும் கட்டுப்பாடு நீங்கியது. அப்போது வணிக அமைச்சர் முரசொலி மாறன். வெளிநாட்டு விளைபொருட்கள் வந்து குவிந்து விவசாயியை அழித்துவிடும் என்று நாடு முழுக்க எதிர்ப்பு இருந்தது. முக்கியமான 300 பொருட்களின் இறக்குமதியைக் கண்காணிக்க 'போர் அறை' என்ற பெயரில் ஓர் ஏற்பாட்டை அவர் அறிவித்தார். போரில் தொடங்கிய கட்டுப்பாடு, போகும்போதும் போர் என்ற வார்த்தையோடுதான் போனது!

சாவி இப்போது எங்கே திறக்கிறது, எங்கே பூட்டுகிறது?

இதோடு கதை முடிந்தது என்று பாடப்புத்தகம் சொல்லும். ஆனால் அந்த மூன்றாவது பிரிவு இப்போது அதிகமாகத் தலைப்புச் செய்தியில் வருவது ஏற்றுமதிப் பக்கத்தில். வெங்காயத்தைக் கேளுங்கள், சொல்லும்.

வெங்காய விலை ஏறினால் ஆட்சி ஆடும் என்பது 1998 டில்லித் தேர்தலிலிருந்து எல்லாக் கட்சிகளுக்கும் தெரிந்த பாடம். அதனால் விலை ஏறும்போதெல்லாம் ஏற்றுமதிக்குத் தடை. 2019 செப்டம்பரில் ஒரு தடை. அடுத்த மாதம் டில்லி வந்த வங்கதேசப் பிரதமர் ஷேக் ஹசீனா, முன்கூட்டிச் சொல்லியிருக்கக் கூடாதா, வெங்காயம் இல்லாமல் சமைக்கச் சொல்லியிருக்கிறேன் என்று மேடையிலேயே சிரித்துக்கொண்டே குறைப்பட்டார். 2020 செப்டம்பரில் மறுபடி தடை. எல்லையில் லாரிகள் வெங்காயத்தோடு நின்றன.

பிறகு 2023 டிசம்பர். இந்தத் தடையை நான் தனியாகக் குறித்து வைத்திருக்கிறேன். டிசம்பர் 8-ஆம் தேதியிலிருந்து 2024 மார்ச் 31 வரை என்று கெடு போட்டு வந்தது. மகாராஷ்டிராவின் நாசிக் பகுதியில் மொத்தச் சந்தைகளில் ஏலம் நின்றது, விவசாயிகள் சாலைக்கு வந்தார்கள். மார்ச் 31 வரைதானே, பொறுத்துக்கொள்வோம் என்று இருந்தவர்களும் உண்டு. மார்ச் 22-ஆம் தேதி இன்னொரு அறிவிக்கை வந்தது: மறு உத்தரவு வரும் வரை தடை நீடிக்கும். கடைசியில் தேர்தல் நடந்துகொண்டிருந்தபோது மே 4-ஆம் தேதி தடையை எடுத்தார்கள், 40 சதவீத ஏற்றுமதி வரியோடு.

1947-இல் மூன்று வருஷம் என்றதும், 2023-இல் மார்ச் 31 என்றதும் ஒரே கதைதான். இந்த அதிகாரம் கெடு வைத்துக்கொண்டு வருகிறது, கெடு வந்ததும் அதைத் தாண்டிப் போய்விடுகிறது. வெங்காயம் நட்டு அறுக்க நாலு மாசம் ஆகும். ஏற்றுமதி இருக்கும் என்று நம்பி நட்டவன், அறுக்கும்போது கதவு பூட்டியிருப்பதைப் பார்க்கிறான். நகரத்தில் கிலோவுக்கு இருபது ரூபாய் மிச்சம் பிடிக்கும் நாம் அவனைப் பார்ப்பதில்லை.

இன்னொரு சம்பவம், இது வெங்காயத்தைவிட விசித்திரம். சுங்கச் சட்டம், 1962-இன் 11-ஆவது பிரிவும் இதே மாதிரி அறிவிக்கை மூலம் பொருட்களைத் தடை செய்யும் அதிகாரம் தருகிறது. பழைய 19-ஆவது பிரிவின் வாரிசு. 1988 அக்டோபர் 5-ஆம் தேதி சல்மான் ருஷ்டியின் 'தி சாத்தானிக் வெர்சஸ்' நாவலின் இறக்குமதியை இதன் கீழ்தான் தடுத்தார்கள். புத்தகத்துக்குத் தடை என்று நாம் சொன்னாலும் காகிதத்தில் அது சுங்க அறிவிக்கை. 2019-இல் ஒருவர் டில்லி ஹைகோர்ட்டுக்குப் போய் அந்த அறிவிக்கையை எதிர்த்து வழக்குப் போட்டார். சரி, அந்த அறிவிக்கையைக் கொண்டுவாருங்கள் என்றால்... எந்த அதிகாரியிடமும் இல்லை! 2024 நவம்பரில் கோர்ட், அப்படி ஓர் அறிவிக்கையே இல்லை என்று எடுத்துக்கொள்வதைத் தவிர வேறு வழியில்லை என்று வழக்கை முடித்தது. யாராலும் எடுத்துக் காட்ட முடியாத ஒரு தாளுக்கு முப்பத்தாறு வருஷம் நாடே கட்டுப்பட்டிருந்தது.

அக்கரையிலும் இதே சட்டம்

நம் கடலுக்கு அந்தப் பக்கம் இலங்கையிலும் இதே பெயரில் ஒரு சட்டம் உண்டு. 1969-ஆம் ஆண்டின் 1-ஆம் இலக்க இறக்குமதி ஏற்றுமதி (கட்டுப்பாட்டு) சட்டம். அங்கேயும் வர்த்தமானியில் வெளியிட்டால் போதும். 2021 மே 6-ஆம் தேதி அதன் கீழ் ஓர் அறிவித்தல் வந்தது: இரசாயன உரம் இனி இறக்குமதி செய்யக்கூடாது. நாடு முழுக்க ஒரேயடியாக இயற்கை விவசாயம். டாலர் தட்டுப்பாடும் ஒரு காரணம். வயலில் இறங்கியவர்கள் முடியாது என்றார்கள். விளைச்சல் விழுந்தது. அந்த வருஷம் நவம்பரில் தடையை விலக்கிக்கொண்டார்கள், ஆனால் போன போகம் போனதுதான். மஞ்சள் இறக்குமதிக்கும் அங்கே தடை இருந்ததால் 2020, 2021-இல் ராமேஸ்வரம், தூத்துக்குடிக் கரைகளில் படகில் கடத்த வைத்திருந்த மஞ்சள் மூட்டைகள் பிடிபட்ட செய்திகளை நீங்களும் பார்த்திருப்பீர்கள். பர்மா பஜார் காலத்தில் நம் கரைக்குச் சாமான் வந்தது. இப்போது நம் கரையிலிருந்து மஞ்சள் போகிறது. தடை எங்கே இருக்கிறதோ அந்தப் பக்கம் படகு போகும்.

சரி, என்னதான் சொல்ல வருகிறாய் என்கிறீர்களா?

இந்த அதிகாரமே கூடாது என்று நான் சொல்லவில்லை. செம்மரத்தை வெட்டி ஏற்றுமதி செய்யலாம் என்று விட்டால் சேஷாசலம் மலையில் ஒரு மரம் மிஞ்சாது. 2020-இல் கொரோனா வந்தபோது முகக்கவசமும் மருந்தும் முதலில் இங்கே இருக்கட்டும் என்று ஏற்றுமதியை நிறுத்தினார்கள். அன்றைக்கு மசோதா கொண்டுவந்து விவாதித்துக்கொண்டிருக்க முடியாது. அவசரத்துக்கு ஒரு சாவி வேண்டும்தான்.

ஆனால் அவசரம் முடிந்த பிறகு சாவி திரும்பி வர வேண்டும். 1947-இல் சட்டம் எழுதியவர்களுக்கே அது தெரிந்திருந்தது. அதனால்தான் மூன்று வருஷம் என்று எழுதினார்கள். அந்த ஒரு வரியைத்தான் அப்புறம் வந்தவர்கள் முதலில் நீட்டித்து, பிறகு அழித்துவிட்டார்கள். 1992 சட்டத்தின்படி அரசின் உத்தரவுகளைப் பார்லிமெண்ட்டின் முன் வைக்க வேண்டும் என்று இருக்கிறது. ஆனால் அது உத்தரவு போட்ட பிறகு. அதற்குள் கப்பலில் வெங்காயம் அழுகிவிடும்.

ஒவ்வொரு தடைக்கும் ஒரு கெடு இருக்கட்டும். கெடு வந்ததும் அது தானாகச் சாகட்டும். நீட்டிக்க வேண்டுமென்றால் பார்லிமெண்ட்டில் எழுந்து நின்று காரணம் சொல்லட்டும். நட்ட பயிருக்கு அறுவடை வரையாவது அவகாசம் கிடைக்கட்டும். இவ்வளவுதான் நான் கேட்பது.

லேப்டாப் விஷயத்தில் கம்பெனிகள் சத்தம் போட்டதும் ஒரே நாளில் மூன்று மாசம் தள்ளி வைத்தார்கள். வெங்காயக்காரனுக்கு ஐந்து மாசம் ஆனது. அடுத்த முறை 'இன்று முதல் தடை' என்று செய்தி வந்தால், விலை ஏறுமா என்று கேட்டுவிட்டு, அப்படியே இன்னொன்றையும் கேளுங்கள்: எதுவரை?